ஓய்வுநாளில் மிதித்த பனி

டார்க்வில் மெக்காஸ்கில் ஓய்வுநாளில் மண்வெட்டியைத் தொடமாட்டேனென்று அடுப்போரம் வேதம் வாசித்துக்கொண்டிருக்க, அவருடைய ஆயிரத்து இருநூறு ஆடுகளும் பனிக்கடியில் செத்தனவாம். மேனியோடோட்டோ சமவெளியில் இப்படித்தான் பேச்சு. மதுக்கடையை ஒரு சுற்று சுற்றி வந்தால் ஆடு ஆயிரத்து ஐந்நூறாகிவிடும்.

விசாரித்தால், ஆடு செத்தது மெய். அடுப்போரம்தான் பொய்.

ஒன்பது வயதில் ஸ்கை தீவில் அவர் வீட்டுக் கூரையை நிலக்கிழார் ஆட்கள் கொளுத்தினார்கள். ஆடு மேய இடம் வேண்டுமாம். கப்பலேறிக் கடல் கடந்து இந்தச் சமவெளிக்கு வந்தவர், வீட்டைப் பிடுங்கிய பிராணியை வைத்தே முப்பது வருஷத்தில் பண்ணைக்காரரானார்.

அந்தச் சனிக்கிழமை முழுக்கப் பனி கொட்டியது. ஞாயிறு காலையில் வேலிக்கம்பங்களின் தலையைக்கூடக் காணோம். பனியை மிதித்து மிதித்துத் தடம் போட்டால்தான் ஆடு வெயில் சரிவுக்கு வந்து பிழைக்கும். குழியில் விழுந்த ஆட்டை ஓய்வுநாளிலும் தூக்கலாமென்று வேதமே சொல்கிறது. டார்க்வில்லின் வியாக்கியானம் வேறு: அடுத்தவர் ஆட்டைத் தூக்கினால் இரக்கம், தன் ஆட்டைத் தூக்கினால் வியாபாரம்.

ஆகவே பக்கத்துப் பண்ணைக்குப் போனார். புருஷனைப் புதைத்து மூன்று வாரமான எஃபி டன்பாருக்கு அறுபது ஆடுகள்தான் கதி.

"உங்க மந்தை?"

"அது திங்கக்கிழமை வேலை."

"ஆட்டுக்குக் கிழமை தெரியுமா?"

"எனக்குத் தெரியுதே."

பொழுது சாயும்வரை மிதித்தார். அறுபதும் பிழைத்தன. மறுநாள் அவர் சரிவில் பனி கல்லாக இறுகி, மண்வெட்டி எகிறியது. தடம் ஆடுகளிடம் போய்ச் சேரப் பதினோரு நாள். பசியில் ஆடுகள் ஒன்றன் கம்பளியை ஒன்று தின்றிருந்தன. உயிரோடிருந்தவை நாற்பத்தொன்று. அவற்றை விற்றுவிட்டு, வேறொருவர் பண்ணையில் கூலி மேய்ப்பரானார்.

பேச்சை அவர் மறுக்கவில்லை. மறுத்தால் பழி எஃபியின் வாசலில் போய் விழும். எஃபியோ பார்ப்பவரிடமெல்லாம் உள்ளதைச் சொல்கிறாள். கேட்பவர்தான் இல்லை, பொய் அத்தனை ருசி.

ஒரு நாள் உழைப்புக்கு ஒரு நாள் உழைப்பு என்பது அங்கே வழக்கம். குளிர்காலம் வந்தால் எஃபி மண்வெட்டியோடு அவர் குடிசைக்கு வந்துவிடுவாள். கடைசியாக வந்தபோது நடந்த பேச்சு இது.

"ஒரு நாள் பாக்கியிருக்கு, மெக்காஸ்கில்."

"நான் செஞ்சது ஞாயித்துக்கிழமை. அதுக்கு ஞாயித்துக்கிழமைதான் ஈடு."

"சரி, ஞாயித்துக்கிழமையே வரேன். அடுத்தவங்க ஆட்டுக்குச் செஞ்சா இரக்கம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். எனக்கு ஆடு எங்கே இருக்கு, எஃபி?"

அவள் மண்வெட்டியைக் கதவோரம் சாத்திவிட்டுப் போனாள். அது இன்னும் அங்கேதான் நிற்கிறது.