போர்மேன் அருள்பாண்டியின் மறதி

அருள்பாண்டிக்கு மறதி வந்துவிட்டது என்று ஏழாயிரம்பண்ணையில் யாராவது சொன்னால் கருப்பம்மாளுக்குக் காறித் துப்பத்தான் தோன்றும். பட்டாசுக் கம்பெனியில் அவன் போர்மேன். அவள் அவன் கையின் கீழ் திரி வெட்டியவள். எவள் திரியைக் கட்டையாக வெட்டினாள், எவன் சாப்பாட்டு நேரத்தில் கூடுதலாக உட்கார்ந்தான், எவள் போன சீசனில் லீவு கேட்டாள் என்பதையெல்லாம் விடாமல் மனசில் வைத்திருந்து, சமயம் பார்த்துக் குத்துகிற ஆள். அவனுக்கா மறதி!

வெம்பக்கோட்டைப் பக்கம் அவனுக்குச் சொந்தக் காடுகரை உண்டு. மழையை நம்பி மண்ணைக் கிளற உடம்பு வணங்கவில்லை. போர்மேன் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு, மடிப்புக் கலையாத சட்டையோடு கம்பெனிக்குள் வந்தான். முதலாளி முன்னால் குழைவான். வேனில் வந்து இறங்குகிற சனத்திடம் எரிந்து விழுவான். கறியும் புரோட்டாவுமாகத் தின்று தீர்த்ததில் ஒருநாள் நெஞ்சு அடைத்தது. மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். அப்போதிருந்து கொழுப்பைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரை, தினமும் ஒன்று.

அந்த மாத்திரையைத் தின்றால் மூளை மழுங்கிவிடும் என்று எவனோ வாட்ஸ்அப்பில் அனுப்பித் தொலைத்தான். அருள்பாண்டி சிவகாசி டாக்டரம்மாவிடம் ஓடினான். கூடப்போன அவன் சம்சாரம் வீரலட்சுமியே பின்னால் இதைக் கருப்பம்மாளிடம் சொன்னாள். மாத்திரை தின்கிற சிலர் மறதி வருகிறது என்று சொல்வது உண்டு என்றார் டாக்டரம்மா. நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் மாத்திரைதான் காரணம் என்று பெரிய ஆய்வுகளில் உறுதியாகவில்லை. ஸ்டென்ட் வைத்த நெஞ்சுக்கு அது காவல், தானாக நிறுத்திவிடக் கூடாது என்று அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். கேள்வி கேட்டுச் சோதித்துவிட்டு, ஞாபகத்துக்கு ஒரு குறையும் இல்லை என்றும் சொல்லி அனுப்பினார். இவன் அதில் முதல் வாக்கியத்தை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வந்தான். கொடுத்த வாக்கு மறந்தால் மாத்திரை, வீட்டுக்குக் காய் வாங்க மறந்தால் மாத்திரை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அதுவரைக்கும் அது சிரிக்கிற கதைதான். தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரித்த நேரத்தில் மருந்து கலக்கிற ரூம் வெடித்தது. உள்ளே இருந்த இருளாண்டி, கருப்பம்மாளின் புருசன், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துபோனான். கூட இருந்த நாலு பேர் தீக்காயத்தோடு பிழைத்தார்கள்.

வாணத்துக்கு நிறம் கொடுக்கிற மணிமருந்து மீந்துவிட்டால் அன்று சாயங்காலமே அழித்துவிட வேண்டும். ராத்தங்க விட்டால் ஈரம் இழுத்துச் சூடேறி, கை பட்டதும் வெடிக்கும். அந்தப் பக்கம் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. முதல் நாள் மீந்ததை இருளாண்டி அழிக்கத்தான் போனான். அருள்பாண்டி வேண்டாம் என்று தடுத்துவிட்டதாக அன்றைக்கு ராத்திரியே இருளாண்டி கருப்பம்மாளிடம் சொல்லிப் புலம்பினான்.

விசாரணைக்கு அதிகாரி வந்தபோது அருள்பாண்டி நெஞ்சைத் தடவிக்கொண்டான். தான் என்ன சொன்னோம் என்று நினைவில்லை, கொழுப்பு மாத்திரை தின்கிறேன், மறதி என்றான். கருப்பம்மாள் சொன்னதற்கு, நீ அங்கே நின்றாயா என்று கேட்டு வாயை அடைத்தார்கள். வேலை செய்தவனின் கவனக்குறைவு என்று ஊரே முடிவு கட்டியது. காயம்பட்டவர்களின் வீட்டார் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். புருசனைப் பறிகொடுத்ததுமல்லாமல், நாலு பேரைக் கருக்கியவன் என்ற பழியோடு அவன் பேரைக் கேட்க வேண்டியிருந்தது. அந்தப் பழியை மட்டும் துடைத்துவிட்டால் போதும் என்று கிடந்தாள்.

கம்பெனியை மறுபடி திறப்பதற்கு முன் அதிகாரி கடைசியாக ஒருமுறை வந்தார். எல்லாரையும் கூப்பிட்டிருந்தார்கள், கருப்பம்மாளும் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மறதிக்காரரைப் போர்மேனாக வைத்துக்கொண்டு வெடிமருந்து வேலை நடத்த முடியாது, வேறு ஆளைப் போடுங்கள் என்று அதிகாரி சொன்னார். மேனேஜர் கதிரவன் உடனே தலையாட்டினார்.

அருள்பாண்டிக்கு முகம் சுண்டிப்போனது. போர்மேன் வேலையும் போய்விட்டால் அவனை எவன் மதிப்பான்? மறதியெல்லாம் ஒன்றுமில்லை, டாக்டரம்மாவே சோதித்துவிட்டார் என்று படபடத்தான். வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள் என்று, வெடித்ததற்கு முதல் நாள் எந்த ரூமில் யார் இருந்தார்கள், எந்த லோடு எப்போது ஏறியது, எந்த நிறத்துக்கு என்ன கலந்தார்கள் என்று மளமளவென ஒப்பித்தான். இருளாண்டி கட்டியிருந்த கைலியின் நிறம்கூட வந்தது. நுணலும் தன் வாயால் கெடும்; இவன் வாய் அதைவிடப் பெரிது.

கருப்பம்மாள் எழுந்தாள்.

“அம்புட்டும் ஞாபகம் இருக்குல்ல அண்ணாச்சி. மீந்த மருந்த அழிக்கப்போன எம் புருசங்கிட்ட என்ன சொன்னீக?”

அவன் கதிரவனைப் பார்த்தான். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறந்துவிட்டது என்றால் வேலை இல்லை. மறக்கவில்லை என்றால் சொல்லியாக வேண்டும்.

“இருக்கட்டும்லே, காலைல வேலைக்கு ஆகும்னேன்,” என்றான். ஆர்டர் அவசரம், கம்பெனிதான் நெருக்கியது என்று அடுத்த நிமிசமே முதலாளியையும் காட்டிக் கொடுத்தான். சீ, இதுவும் ஒரு பிறவியா என்று அவளுக்கு வந்தது.

“எம் புருசன் மேல தப்பில்லன்னு எழுதுங்க சார்,” என்றாள் அதிகாரியிடம். அவர் எழுதினார்.

வெளியே அருள்பாண்டி சுவரில் சாய்ந்து நின்றான். எல்லாம் அந்த மாத்திரையால் வந்த வினை, இனி அதைக் கையால் தொடமாட்டேன் என்று முனகிக்கொண்டிருந்தான். கருப்பம்மாள் அவன் முன்னால் போய் நின்றாள்.

“விட்றாதீக அண்ணாச்சி. தெனமும் தின்னுங்க. நெஞ்சு நல்லா இருக்கட்டும். நீங்க நூறு வயசு வரைக்கும் இருந்து, அன்னைக்குச் சொன்னத நெனச்சு நெனச்சுக் கெடக்கணும்.”