நாலு கடைப் பருப்பு

என் ஓரகத்தி கடைக்குப் போய்விட்டு நேராக வீட்டுக்குள் நுழைந்ததே இல்லை. மாடிப்படி திரும்புகிற இடத்தில் பைகளை இறக்கி வைப்பாள். படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொள்வாள். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். பிறகு எழுந்து, எல்லாம் மலிவாகக் கிடைத்துவிட்ட மாதிரி சிரித்துக்கொண்டே உள்ளே வருவாள். சமையலறை ஜன்னலில் நின்று பாத்திரம் கழுவினால் அந்தப் படி நன்றாகத் தெரியும். இந்த வீட்டுக்கு வந்த புதிதில், மூச்சு வாங்கத்தான் உட்காருகிறாள் என்று நினைத்தேன். வருடம் போகப் போக அவள் உட்காரும் நேரம் நீண்டுகொண்டே வந்தது, பைகள் இளைத்துக்கொண்டே வந்தன. முகத்தை மாற்றிக்கொள்ளத்தான் அந்த நேரம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவள் இந்த வீட்டின் மூத்த மருமகள். நான் நடு மருமகள், அவளை அக்கா என்று கூப்பிடுகிறேன். பேருந்துப் பணிமனையில் இருக்கைகளுக்கு உறை தைப்பது அவள் வேலை. ரெக்சின் உருளையை மேசையில் விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, ஓரத் துண்டுகூட வீணாகாமல் வெட்டுவாள். மற்றவர்கள் வெட்டினால் விழுகிற கழிவில் பாதிகூட அவள் மேசைக்கு அடியில் இருக்காது. “சாமர்த்தியம் தையல்ல இல்ல, வெட்டுல இருக்கு. வெட்டுறப்பவே மிச்சம் பிடிச்சிடணும்” என்பாள். வீட்டையும் அப்படித்தான் நடத்தினாள்.

எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர். அக்காவின் கணவர் சுவருக்கு வர்ணம் அடிப்பவர். என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். சின்னவர் போன் கடையில் விற்பனையாளர், அவர் மனைவி, எங்களுக்குச் சின்னவள், ஒரு கிளினிக்கில் நர்ஸ். அறைகள் நான்கு, சமையலறை ஒன்று. மாதம் பிறந்ததும் மூன்று பேரும் ஆளுக்கொரு பங்கை அக்கா கையில் கொடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் அரிசி என்ன விலை, எண்ணெய் என்ன விலை என்று அவர்கள் யோசித்ததில்லை. அவளுக்கு ‘நிதி மந்திரி’ என்று பட்டம் மட்டும் கொடுத்திருந்தார்கள்.

மந்திரியின் நிர்வாகம் கண்டிப்பானது. காலி எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்து வைத்து மறுநாள் ஒரு தாளிப்புக்கு எண்ணெய் எடுப்பாள். சோப்பு தேய்ந்து வில்லையானதும் அதைப் புது சோப்பின் முதுகில் ஒட்டிவிடுவாள். காய்கறி வாங்குவது கடை கட்டுகிற நேரத்தில்தான்.

“என்னம்மா, தக்காளி விலை கேட்டா தங்கம் விலை சொல்றே?”

“தங்கம்னா பூட்டி வெக்கலாம்க்கா. இது நாளைக்கே அழுகிடும். நீயே ஒரு விலை சொல்லி எடுத்துட்டுப் போ, என்னை ஆளை விடு.”

காய்க்காரி தினமும் இப்படித்தான் தோற்பாள். பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பதோடு என் வேலை முடிந்தது. எனக்கு விலை கேட்கவே கூச்சம்.

போன வருடம் விலையெல்லாம் ஒரே மூச்சில் ஏறியபோது அக்காவின் வெட்டுக்கும் துணி போதவில்லை. பருப்பில் தண்ணீர் கூடியது. ஒரு நாள் சாப்பிடும்போது சின்னவர் கரண்டியால் கிண்ணத்தைத் துழாவினார்.

“அண்ணி, இதுல பருப்பு எங்க இருக்கு? நீச்சல் கத்துக்கலாம் போலிருக்கே.”

“முதல்ல பங்குப் பணத்தை நாள் தவறாம குடு, அப்புறம் நீச்சல் அடிக்கலாம்” என்றார் மூத்தவர்.

சின்னவருக்குச் சுருக்கென்றது. “நான் குடுத்துட்டுத்தான் இருக்கேன். யார் எவ்வளவு சாப்பிடுறோம், யாருக்கு எவ்வளவு ஆகுதுன்னே தெரியல. பேசாம அவங்கவங்க தனித்தனியா சமைச்சுக்கலாம். அவங்கவங்க செலவு அவங்கவங்களுக்குத் தெரியும்.”

சின்னவள் மேசைக்கு அடியில் அவரை உதைத்தாள். உதை என் காலில் விழுந்தது.

அக்கா சாப்பிடுவதை நிறுத்தவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினாள். “மூணு மாசம் டைம் குடுங்க. இதே பணம், ஒரு காசு கூடுதலா வேண்டாம். யார் வயித்துக்கும் குறை வெக்காம ஓட்டிக் காட்டுறேன். முடியலன்னா நானே மூணு அடுப்பு வாங்கி ஆளுக்கொண்ணா குடுத்துடுறேன்.”

அவள் சொன்னால் சொன்னதுதான். அடுத்த தெருக் கடைக்காரர் தராசில் கட்டைவிரலை வைத்ததற்காக, இனி உன் படி ஏற மாட்டேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டாள். இன்றுவரை கொட்டுகிற மழையிலும் அந்தக் கடையைத் தாண்டித்தான் போகிறாள். அதனால் முடியாவிட்டால் மூன்று அடுப்பு நிஜமாகவே வந்துவிடும் என்று அன்று மேசையைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. எனக்குத்தான் பயம் கொஞ்சம் அதிகம். நான் நாலு பேர் மத்தியில் பேசுகிறவள் இல்லை. ஆனால் அந்தச் சமையலறையில் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்வதுதான் எனக்கு உலகம். தனி அடுப்பு என்றால் நானும் என் அடுப்பும் மட்டும்தான்.

அடுத்த வாரமே வேடிக்கை ஆரம்பித்தது.

ஒரு காலை மூத்தவர் வர்ணம் அடிக்கிற வாளியோடு சமையலறைக்குள் வந்தார். வாளிக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, பருப்பு டப்பாவைத் திறந்து கொட்டினார். டப்பாவை இரண்டு தட்டு தட்டிச் சமன் செய்தார். திரும்பினால் நான் நிற்கிறேன். “தண்ணி குடிக்க வந்தேம்மா” என்று இருமினார். தண்ணீர்க் குடம் கூடத்தில் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்துச் சின்னவள் தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து அதே டப்பாவில் கொட்டினாள். உதட்டில் விரலை வைத்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். என் வீட்டுக்காரர் ஸ்குரூ டிரைவருக்கும் ஒயர் சுருளுக்கும் நடுவில் பருப்பு கொண்டுவந்தார்.

“நீ எதுவும் பார்க்கல, சரியா?”

“பார்க்கல.”

பெரிய ஆச்சரியம் சின்னவர்தான். எண்ணெய்ப் பாட்டிலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்தார். டின்னில் ஊற்றும்போது மேடையெல்லாம் சிந்தியது. கைக்குட்டையால் துடைத்து, அதை அப்படியே பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அன்று அவர் போன் விற்றிருப்பாரா, வடைச்சட்டி மாதிரி மணத்துக்கொண்டு நின்றிருப்பாரா, தெரியாது.

நான்கு பேரும் மற்றவருக்குத் தெரியாமல் செய்தார்கள். ஒருவரிடம் வாயைத் திறந்தால் மற்ற மூவரின் குட்டும் உடையும் என்று நானும் பேசாமல் இருந்தேன். சிரிப்பை அடக்குவதே எனக்கு முழுநேர வேலையாகிவிட்டது.

அக்காவுக்கோ தலைகால் புரியவில்லை. டப்பாவைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள், மறுபடி திறப்பாள். “பார்த்தியா, கை அளவு சரியா இருந்தா டப்பா தானா பேசும்” என்பாள். பணிமனையிலும் போய்ச் சொல்லிவிட்டாள். எத்தனை பேருக்கு எத்தனை கைப்பிடி என்று அங்கே பாடமே நடந்ததாம். அதைக் கேட்டு நடந்தவர்களில் ஒருத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். பேசத் தொடங்கினால் நிற்க மாட்டாள் என்பதால் பணிமனையில் அவள் பெயர் ‘பிரேக்’.

“என்னடி உன் அளவு? நீ சொன்ன மாதிரியே கைப்பிடி கைப்பிடியா போட்டேன். பாதி மாசத்துல டப்பாவுக்கு அடி தெரியுது. என் வீட்டுக்காரர் அதைத் தலையில கவுத்துக்கிட்டு, கிரீடம் எப்படி இருக்குன்னு கேக்குறாரு.”

“உன் கை பெருசுடி.”

“என் கை பெருசா? உன் வீட்ல என்ன அட்சய பாத்திரமா வெச்சிருக்கே?”

நான் அடுப்பைத் துடைப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். இரண்டாவது மாதக் கடைசியில் அக்கா எல்லோரையும் உட்கார வைத்து, “பணம் மிஞ்சுது. அடுத்த மாசம் எல்லாரும் குறைச்சே குடுங்க” என்றாள். நான்கு முகங்களும் தொங்கிப் போயின. பங்கு குறைந்தால் பொட்டலம் பெரிதாக வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும்.

“இருக்கட்டும் அண்ணி, அவசரத்துக்கு ஆகும்” என்றார் சின்னவர்.

“செலவைப் பத்திப் பேசினவரே நீங்கதான். குறைக்கிறேன்னா எதுக்கு இந்த முழி முழிக்கிறீங்க?”

மூன்றாவது மாதம் முடிகிற வாரம், ஒரு விடுமுறை நாளில்தான் பருப்பு காலை வாரியது. அக்கா குக்கரைத் திறந்தாள். பாதிப் பருப்பு கூழாகக் கரைந்திருந்தது, பாதி கூழாங்கல்லாகக் கிடந்தது. மறுபடி மூடி வைத்தாள். மறுபடி திறந்தபோது கூழ் அடிப்பிடித்திருந்தது, கல் கல்லாகவே இருந்தது. ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் பரப்பினாள். டப்பாவிலிருந்தும் ஒரு கை அள்ளிப் பரப்பினாள். ஒன்று பெரியது, ஒன்று பொடி, ஒன்று வெளிர் மஞ்சள், இன்னொன்றுக்குத் தோல்கூட முழுதாகப் போகவில்லை.

“பழசையும் புதுசையும் கலந்து என் தலையில கட்டிட்டான்! இத்தனை வருஷமா அவன்கிட்டேயே வாங்குறேன், எனக்கே இந்த வேலையா?”

குக்கரைத் துணியால் பிடித்து அப்படியே தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். கூடத்தில் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் செய்தித்தாளைப் பார்த்தார், ஒருவர் காற்றாடியைப் பார்த்தார். மளிகைக்காரர் பாவம், ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனிதர். சரக்கு தட்டுப்பாடான நாட்களில் எங்களுக்கென்று எடுத்து வைத்துக் கொடுத்தவர். கடை நிறைய ஆள் இருக்கிற நேரத்தில் அவர் முன்னால் இந்தக் குக்கர் திறக்கப் போகிறது.

அக்கா செருப்பில் கால் நுழைத்துவிட்டாள்.

“அக்கா, கடைக்காரர் மேல தப்பில்ல.”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவள் திரும்பினாள். “பின்ன யார் மேல?”

“அந்த டப்பாவுல நாலு கடைப் பருப்பு இருக்கு.”

செய்தித்தாள் கீழே இறங்கியது. அக்கா என்னை விட்டுவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

“ஒரே ஒரு பொட்டலம்தாம்மா... மாசத்துக்கு” என்றார் மூத்தவர்.

“நீயும் போட்டியா?” என்று என் வீட்டுக்காரர் அண்ணனைப் பார்த்து வாய் பிளந்தார். மரியாதைகூட மறந்துவிட்டது.

“நானும்தான்” என்றாள் சின்னவள்.

“சரி, எண்ணெய்?” என்று கேட்டாள் அக்கா. சின்னவர் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

“அடப்பாவி, தனி அடுப்பு கேட்டதே நீதானேடா!” என்றார் மூத்தவர்.

“கேட்டேன். கேட்டுட்டு இவ சமையலை நினைச்சுப் பார்த்தேன். ஊசி போட்டுப் பழகின கை அண்ணா, எதைத் தொட்டாலும் வலிக்கும்.”

“ரூமுக்கு வாங்க, காட்டுறேன்” என்றாள் சின்னவள்.

அக்கா சிரிக்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்தாள், மடியில் குக்கர். “அப்ப மூணு மாசமா நான் ஓட்டவே இல்ல” என்று மெல்லச் சொன்னாள். அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

சின்னவர்தான் எழுந்து வந்து அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். “ஓட்டினது நீங்கதான் அண்ணி. வண்டி நின்னுடக் கூடாதேன்னு நாங்க இறங்கிப் பின்னாடி தள்ளினோம். உங்க டிப்போவுல தினமும் நடக்கிறதுதானே?”

அக்காவின் வாயோரம் துடித்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. குக்கர் மூடி குலுங்குகிற அளவுக்குச் சிரித்தாள். சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இருந்தாலும் சொன்னது சொன்னதுதான். என்னால ஓட்ட முடியல. நாளைக்கு மூணு அடுப்பு வரும்” என்றாள்.

எங்கள் சிரிப்பு பாதியில் நின்றது. சின்னவர் கெஞ்சினார், மூத்தவர் அதட்டினார். அவள் அசையவில்லை. அன்று கூழை ரொட்டிக்குத் தொட்டுக்கொண்டோம், கற்களை ஊற வைத்தோம். வாயைத் திறந்து மாட்டிவிட்டோமே என்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் அடுப்புக் கடைக்கு என்னைத்தான் கூட்டிப் போனாள். கடைக்காரர் பளபளவென்று ஒன்றைக் காட்டி விலை சொன்னார். அக்கா, அடுப்பா விமானமா என்று கேட்டாள். சாதாரணமானதைக் காட்டினார். பேரம் பேசினாள். அவர் காய்க்காரி இல்லை, இறங்கவே இல்லை. “எல்லாத்துக்கும் விலை ஏறிப்போச்சும்மா, அடுப்பு மட்டும் சும்மா இருக்குமா?” என்றார். அக்கா மூன்று அடுப்பின் விலையை மனதுக்குள் கூட்டினாள். அதை அப்படியே அரிசியாக, எண்ணெயாக மாற்றிப் பார்த்திருப்பாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

“அக்கா, மூணு சிலிண்டரும் வேணும்” என்றேன் நான். இரண்டு நாளில் இது என் இரண்டாவது வாய்.

அவள் என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். “வாய் முளைச்சிடுச்சு உனக்கு” என்றாள். கடைக்காரரிடம், “விலை இறங்கினதும் வரேன்” என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.

வீட்டில் எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். “என் சொல்லு சொல்லுதான். அடுப்பு விலை இறங்கட்டும், வாங்குவேன்” என்று அறிவித்தாள். பிறகு உட்கார்ந்து, எது எது என்ன விலைக்கு விற்கிறது, இத்தனை பேருக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று முதல் தடவையாக உரக்கச் சொன்னாள். மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

இன்னும் அடுப்பு விலை இறங்கவில்லை, மற்ற விலைகளும் இறங்கவில்லை. பங்குப் பணம் கூடியிருக்கிறது. எண்ணெய் சின்னவர் பொறுப்பு, பாட்டிலைச் சட்டைக்குள் மறைக்காமல் கையில் பிடித்தபடி வருகிறார். அரிசியும் சர்க்கரையும் மூத்தவரும் என் வீட்டுக்காரரும் தூக்கி வருகிறார்கள், சோப்பு வகையறா சின்னவள் பாடு. பருப்பை மட்டும் அக்காவும் நானும் போய் ஒரே கடையில் வாங்குகிறோம். விலை கேட்பது நான், குறைப்பது அவள்.