ஜெயசீலியைக் கொன்றது ஃபெரெட் அல்ல

டாக்டர் ஜெயசீலி இறந்த செய்தி வந்தபோது நான் எங்கள் கால்நடைக் கிளினிக்கில் ஒரு நாயின் காதுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். அழைத்தவர் அவருடைய கணவர் அருளப்பன். மறைமலைநகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறப் போனவரைப் பாதி வழியில் திருப்பி அழைத்திருக்கிறார்கள். "டாக்டர், சீலி பூட்டா" என்றார். ஜெயசீலி காபி போட நின்ற இடத்திலேயே சரிந்திருக்கிறார். மாரடைப்பு. பரிசோதித்த மருத்துவர் அதில் சந்தேகத்துக்கு இடமில்லை என்றார்.

ஆனால் உடல் வீடு வந்து சேர்வதற்குள் வேறொரு செய்தி சுற்றத் தொடங்கிவிட்டது. அவர் குடியிருந்த மனைப்பிரிவின் வாட்ஸப் குழுவில், "வீட்டில் வளர்த்த வெளிநாட்டுக் கீரி கடித்து டாக்டர் மரணம்" என்று ஒருவர் எழுத, அதன்கீழ் வரிசையாகக் கூப்பிய கைகள். மாலை போட வந்தவர்கள் போட்டுவிட்டு என் பக்கம் குனிந்து, "எங்க கடிச்சிதாம்?" என்று கேட்டார்கள். ஓர் அஞ்சலியை நிதானமாக எழுத வேண்டும் என்று எனக்கும் தெரியும். முடியவில்லை. நாயையும் பூனையையும் கன்றுக்குட்டியையும் கூட்டிக்கொண்டு திருக்கழுக்குன்றம் சாலையில் உள்ள எங்கள் கிளினிக்குக்கு வந்தவர்கள் நீங்கள். அவர் உங்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் பெயரோடு ஒரு பொய்யையும் சேர்த்துப் புதைக்க நீங்கள் சம்மதிக்கக் கூடாது.

முதலில் அந்தக் 'கீரி'. அது கீரியே அல்ல. ஃபெரெட் என்பது குளிர்நாடுகளில் வீட்டுக்குள் வளரும் சிறு விலங்கு. நீள உடம்பு, குட்டைக் கால், கூரான முகம். அந்த முகத்தைப் பார்த்துத்தான் நம் ஊரில் எல்லாத் தவறும் நடக்கிறது. ஏரிப்பாசன வயல்களை மேடாக்கி மனை போட்டிருக்கிறோம். மழைக்காலத்தில் பாம்பு வரத்தான் செய்யும். கீரியை வளர்க்கச் சட்டம் விடாது. விற்பவனுக்கு இது போதாதா? "ஃபாரின் கீரி சார், பாம்பு உங்க தெருப்பக்கமே வராது" என்று இந்தப் பிராணியைத் தலையில் கட்டிவிடுகிறான். நன்றாகப் படித்து நல்ல வேலையில் இருப்பவர்கள்தான் வாங்குகிறார்கள்.

ஜெயசீலியின் தாயும் தகப்பனும் அந்த வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அதே இடத்தில் வீடு கட்டிக் குடிவந்தவர் அவர். பாம்பைப் பற்றிப் புகார் வந்தால், "அது வூட்ல நாம வந்து குந்திகினு, அத்த எதுக்கு வந்தன்னு கேக்கறோம்" என்பார். மேலே படித்தும், பல ஊர்க்காரர்களோடு பழகியும், அவர் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவே இல்லை.

நாங்கள் பார்த்த முதல் ஃபெரெட், ஒரு துண்டில் சுற்றிய பிணமாக வந்தது. கொண்டுவந்தவர் அதே மனைப்பிரிவின் குடியிருப்போர் சங்கச் செயலாளர். அவர் மனைவி அழுதுகொண்டிருந்தார். தோட்டத்தில் குழி வெட்டியாகிவிட்டது, செத்ததற்கு ஒரு சான்று எழுதிக் கொடுத்தால் கடைக்காரன் வேறொன்று தருவான் என்றார் செயலாளர். ஜெயசீலி ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பிறகு தன் டிபன் பாக்ஸிலிருந்து அவித்த முட்டையில் கொஞ்சம் பிய்த்து அதன் மூக்கருகே நீட்டினார். பிணம் மூக்கைச் சுளித்தது, கொட்டாவி விட்டது, முட்டையைத் தின்றது. ஃபெரெட்டுகள் நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும். சில சமயம் தூக்கிக் குலுக்கினாலும் எழாத தூக்கம் அது.

"தூங்கினதுக்கா சார் குழி வெட்டினீங்க?" என்று கேட்டார் ஜெயசீலி. குரலை உயர்த்தவில்லை. அவர் உண்மையாகக் கோபப்பட்டால் குரல் இறங்கிவிடும். அதன்பின் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். வெயில் ஆகாது, கோடையில் குளிர்ந்த அறை வேண்டும். உடம்பில் ஒரு வாடை இருக்கும், குளிப்பாட்டினால் இன்னும் அதிகமாகும். துறுதுறுவென்று எல்லாவற்றையும் நோண்டும், கண்ணில் படுவதைத் தூக்கிப்போய் ஒளிக்கும். தனியாகக் கூண்டில் போட்டு வைத்தால் சோர்ந்து போகும். பாம்பு பிடிக்காது. கடைசி வாக்கியத்தை இரண்டு முறை சொன்னார்.

கேட்டார்களா? அடுத்த மழையில் ஒரு சாரைப்பாம்பு கார் நிறுத்துமிடத்தில் வந்து படுத்தபோது, ஃபெரெட்டைக் கொண்டுபோய் அதன் முன்னால் இறக்கிவிட்டார்கள். தெருவே கூடிப் படம் எடுத்தது. அது பாம்பை ஒரு தடவை முகர்ந்தது. திரும்பி வந்து செயலாளரின் ஷூவிலிருந்து சாக்ஸை உருவிக்கொண்டு செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டது. தெரு சிரித்தது. அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியவில்லை. துடைப்பத்தால் அடி விழத் தொடங்கியது அன்றிலிருந்துதான். பிறகு ஒரு நாள் உச்சி வெயிலில் எங்கள் கிளினிக் வாசலில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே அது நாக்கு வெளியே தள்ளிக் கிடந்தது. இந்த முறை அது தூங்கவில்லை.

ஈரத்துணியும் சொட்டு மருந்துமாக ஜெயசீலி அதைப் பிழைக்க வைத்தார். கண் திறந்ததும் அவர் விரலைக் கவ்வியது. ரத்தம் வந்தது. ஆம், கடித்தது. அதுதான் முதலும் கடைசியுமான கடி. நான் பதறினேன். அவர் கையை இழுக்காமல் அப்படியே வைத்திருந்தார். "அடிச்ச கை இதுதானான்னு பாக்குது கதிரு. பாத்துக்கட்டும்" என்றார். பார்த்துக்கொண்டபின் அது விட்டுவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுபோனார். சோம்பேறி என்று பெயர் வைத்தார். படுக்கையறை ஏசியை அதற்காகவே பகலிலும் ஓடவிட்டார். "ஃபேக்டரில வெந்துட்டு வர்ற எனக்கு இல்லாத ஏசி, அதுக்குக் கீது" என்று அருளப்பன் என்னிடம் முறையிட்டிருக்கிறார். வாடை பிடிக்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டேதான் அந்த அறைக்குள் போவார்.

ஒருமுறை மாமல்லபுரத்தில் ஒரு விடுதிக்கு, குதிரை ஒன்றுக்கு வைத்தியம் பார்க்கப் போயிருந்தோம். அங்கே பிறந்தநாள் விழாவில் சட்டை மாட்டிய ஒரு ஃபெரெட் கைமாறிக் கைமாறிப் படத்துக்கு நின்றுகொண்டிருந்தது. ஜெயசீலி நேராக உள்ளே போய் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். "க்யூட்டா இருக்குல்ல டாக்டர்?" என்றாள் ஒரு பெண். "பயந்துகினு கீதும்மா. பயந்தா பொம்ம மாதிரிதான் இருக்கும்" என்றார். அது தெளியும்வரை கேக் வெட்டவிடவில்லை. பயத்தைச் சாதுத்தனம் என்றும், விளையாட்டை வெறி என்றும், தூக்கத்தைச் சாவு என்றும் படிக்கிறவர்கள் நாம். பிறகு அந்தப் பிராணிக்குக் குணம் சரியில்லை என்கிறோம்.

வாட்ஸப்பில் முதலில் எழுதியவர் யார் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அடக்கம் முடிந்த சில நாட்களில் செயலாளர் இருவரைக் கூட்டிக்கொண்டு அருளப்பன் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். குழந்தைகள் இருக்கும் இடம், அந்த ஜந்துவைக் காப்புக்காட்டில் விட்டுவிடலாம், ஆள் கூட்டி வந்திருக்கிறோம் என்றார். வெயிலில் அது ஒரு பகலைத் தாண்டாது என்று நான் கத்தினேன். என் குரல் இறங்கவில்லை, உயர்ந்தது. அருளப்பன் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. அவருக்கு அது வேண்டாம் என்றே நானும் நினைத்தேன்.

அப்போது அறைக்கதவு திறந்திருந்த இடுக்கு வழியே சோம்பேறி வெளியே வந்தது. செயலாளரைப் பார்த்தது. முதுகை வில்லாக வளைத்து, வாயைத் திறந்து, பக்கவாட்டில் துள்ளித் துள்ளி அவரை நோக்கிப் போனது. "பாத்தீங்களா, பாயுது, பாயுது" என்று அவர் நாற்காலியின் பின்னால் போய் நின்றார்.

அருளப்பன் எழுந்து, மூக்கைப் பொத்தாமல், அதைக் கையில் எடுத்தார்.

"பாயல சார். வெளாடக் கூப்புடுது. அதுக்கு சந்தோசம் வந்தா இப்டித்தான் குதிக்கும், சீலி சொல்லிக்கீறா. எங்கிட்ட ஒரு நாள்கூட இப்டி குதிச்சதில்ல. உங்கள ஞாபகம் வச்சிகினு கீது."

செயலாளர் அதைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். கூட வந்தவர்கள் முதலில் வெளியேறினார்கள்.

சோம்பேறி இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. ஜெயசீலி போன அன்றும் அது தின்றது, தூங்கியது. நன்றிகெட்டது என்று அதையும் குறை சொல்கிறார்கள். துக்கம் காட்டிப் பிழைக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. வாட்ஸப்பில் எழுதியதை யாரும் இன்னும் திருத்தவில்லை. அதனால்தான் இங்கே எழுதினேன்.

அவருடைய நாற்காலி, கருவிகள் எல்லாம் கிளினிக்கில் இருக்கின்றன. அவற்றை நான் எனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. நான் வைத்துக்கொண்டது அவருடைய கோபத்தை. குரல் இறங்கும் அந்தக் கோபம் எனக்கு இன்னும் கைவரவில்லை. கடித்த வாயிலிருந்து கையை இழுத்துக்கொள்ளாதவர் ஜெயசீலி. எனக்கு இன்னும் கத்தத்தான் வருகிறது.