குனியக் கூடாத இடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நான் கட்டிய கதை இல்லை. கதை கட்டுவது எனக்குக் கைவந்த வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். தஞ்சாவூரில் பகலில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். மிச்ச நேரத்தில் செல்போன் ஆப் ஒன்றில் சரித்திரக் காதல் தொடர் எழுதுகிறேன். ஆனால் இதில் ஒரு வரி கூட என் கற்பனை கிடையாது. நம்பாதவர்கள் என் விலா எலும்பு எக்ஸ்ரேயை வந்து பார்க்கலாம். இரண்டு இடத்தில் விரிசல்.

பேய் என்றதும் நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்க்காதீர்கள். இது நடந்தது பட்டப்பகலில். சரியாக இருபத்தாறு நாளுக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை, உச்சி வெயிலில்.

என் தொடரில் இளவரசன் மகிழ்வேந்தன், வயலில் நடவு நடும் அல்லி என்ற ஏழைப் பெண்ணைக் காதலிக்கிறான். ராஜா எதிர்க்கிறார். இவன் கிரீடத்தைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு அவளோடு சேற்றில் இறங்குகிறான். அந்த அத்தியாயத்துக்கு மட்டும் நாலாயிரம் பேர் ஹார்ட் போட்டார்கள். எனக்கே அவன் மேல் கொஞ்சம் கிறுக்குதான், மறைப்பானேன்! பூதலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு சிற்றரசன் மகன் நடவுக்காரி ஒருத்தி மேல் ஆசைப்பட்டானாம் என்று கடைக்கு வந்த ஒருவர் போகிற போக்கில் சொன்னார். அந்த ஒரு வரியை வைத்துத்தான் அறுபத்திரண்டு அத்தியாயம் ஓட்டினேன்.

தொடருக்கு ஒரு ரீல்ஸ் போட்டால் இன்னும் நாலு பேர் வருவார்கள் என்று ஆசை வந்தது. அல்லியாக நடிக்க என் தங்கை வானதி. இருபத்திரண்டு வயது, நர்சிங் கடைசி வருடம். அம்மா போன பிறகு நான் தலை பின்னிவிட்டு, சோறு ஊட்டி வளர்த்த பிள்ளை. எனக்கு இந்த உலகத்தில் வேறு யாரும் கிடையாது. “வெயில்ல கருத்துப் போயிடுவேன்க்கா” என்று சிணுங்கியவளைப் பிரியாணி வாங்கித் தருகிறேன் என்று இழுத்துக்கொண்டு போனேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

கடைக்கு வந்தவர் சொன்ன அதே கிராமம். வயல் அண்ணாதுரை என்பவருடையது. நடவு ஆட்கள் சாப்பிடும் நேரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று போனிலேயே சொல்லிவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி 11.50. வயல் முழுக்கப் புது நடவு. நடுவில் மட்டும் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு நடாமல் விட்டிருந்தார்கள். சுற்றிலும் பச்சை, நடுவில் வானம் தெரிகிற தண்ணீர். எனக்கு வாயெல்லாம் பல். இதை விட நல்ல ஃபிரேம் எங்கே கிடைக்கும்?

நடவுப் பெண்களுக்கு மூத்தவர் பொன்னுத்தாய். அறுபது வயது இருக்கும். தூக்குச்சட்டியோடு பம்புசெட் பக்கம் போனவர் என் பார்வை போன இடத்தைப் பார்த்து நின்றார்.

“அங்க நிக்கலாம்மா. குனிய மட்டும் கூடாது.”

“ஏன்மா, நாத்து மிதிபடுமா?”

“நாங்க யாரும் அங்க குனியறதில்ல. அவ்வளவுதான்.”

சரி சரி என்று தலையாட்டினேன். ஒரு நடவுக்காரி குனியாமல் எப்படி நடுவாள்? நிமிர்ந்து நிற்பதைப் படம் பிடிக்கவா அவ்வளவு தூரம் வந்தேன்? ரீல்ஸ் பைத்தியம் பிடித்தவளுக்கு மட்டும்தான் அப்படித் தோன்றும்.

12.05. வானதி ஒரு நாற்று முடியைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் இறங்கினாள். இறங்கியதுமே காலை வெடுக்கென்று தூக்கினாள்.

“அக்கா... தண்ணி ஐஸ் மாதிரி இருக்கு.”

சொம்பில் வைத்த தண்ணீர் தானாகவே சுடுகிற வெயில் அது. “நடிக்காதடி” என்றேன். நான் வரப்பில் நின்று போனைப் பிடித்தேன்.

12.08. தவளைச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் அந்தச் சத்தமும் என் காதுக்கு வரவில்லை.

12.10. “குனிஞ்சு நடுடி” என்றேன்.

குனிந்தாள்.

அவள் முதுகில் ஒரு நிழல் விழுந்தது. உச்சி வெயிலில் என் நிழலே என் காலுக்கடியில்தான் கிடந்தது. இந்த நிழல் நீளமாக இருந்தது. ஆள் உயரத்துக்கு.

சளக்...

வயலின் மறு கோடியில் ஒரு நாற்று சாய்ந்தது.

சளக்... சளக்...

அடுத்தது. அதற்கு அடுத்தது. யாரோ நடந்து வருகிற இடைவெளியில், ஒன்றன் பின் ஒன்றாக, அவளைப் பார்த்து...

“வானதி, நிமிருடி!”

நிமிரப் பார்த்தாள். முடியவில்லை.

அவள் முகம் சேற்றுக்குள் போனது.

போனை எறிந்துவிட்டு ஓடினேன். அவள் கைகள் இரண்டும் சேற்றை அடித்தன. தோளைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. நாற்பத்தேழு கிலோ பெண். அன்றைக்கு நெல் மூட்டை ஏற்றின மாதிரிக் கனத்தாள்.

அவள் பிடரிக்கு மேல் கையை வைத்தேன்.

அங்கே ஒரு கால் இருந்தது.

கண்ணுக்குத் தெரியவில்லை. கைக்குத் தெரிந்தது. கெண்டைக்கால். ரோமம். சூடு. தண்ணீர் அவ்வளவு ஜில்லென்று இருக்க, அந்தக் கால் மட்டும் காய்ச்சல்காரன் உடம்பாகச் சுட்டது.

கடித்தேன். ஆமாம், பல்லால் கடித்தேன். என் வாயில் ரத்தம் வந்தது. என்னுடையதா என்று தெரியாது.

அடுத்த நொடி என் விலாவில் ஓர் உதை. ‘மடக்’ என்று எனக்கே கேட்டது. வரப்பில் போய் விழுந்தேன்.

12.13. அவள் தலை வெளியே வந்தது. தானாக வரவில்லை. பின்னல் செங்குத்தாக நின்றது. யாரோ பிடித்துத் தூக்கியிருந்தார்கள். மூக்கில், வாயில், கண்ணில் சேறு. தலையைக் குறுக்கே ஆட்டினாள். மறுபடி உள்ளே.

மறுபடி தூக்கல். மறுபடி குறுக்கே ஆட்டினாள்.

மறுபடி உள்ளே...

வரப்பில் ஒரு மண்வெட்டி கிடந்தது. எடுத்தேன். அவள் முதுகுக்கு மேலே, வெறும் காற்றில், என் பலம் மொத்தத்தையும் கொடுத்து வீசினேன்.

பட்டது.

எலும்பில் பட்டது. பிடி இரண்டாக முறிந்தது.

அவள் கை அடிப்பதை நிறுத்திவிட்டது.

“விடுடா... என் பிள்ளையை விடுடா!”

மூன்றாம் முறை தலை மேலே வந்தது. அவள் உதடு அசைந்தது. ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

பின்னல் தொப்பென்று விழுந்தது.

12.16.

தவளைகள் கத்த ஆரம்பித்தன.

பொன்னுத்தாய் அம்மாவும் மற்ற பெண்களும் ஓடி வந்து அவளைத் தூக்கினார்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அவள் தொண்டையிலிருந்து சேற்றைக் குழாய் வைத்து உறிஞ்சினார்கள். பிடரியில் கன்றிப்போயிருந்தது. குதிகால், ஐந்து விரல், எண்ணிவிடலாம். யார் மிதித்தது என்று டாக்டர் கேட்டார். மாடு என்றேன். மாட்டுக்கு ஐந்து விரலா என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

பிழைத்துவிட்டாள். மூன்று நாள் பேச்சு வரவில்லை, ஆனால் பிழைத்துவிட்டாள். நான் அடித்த அடியில்தான் விட்டான் என்று எனக்கு ஒரே பெருமை. விலாவில் கட்டோடு ஆஸ்பத்திரி முழுக்க நிமிர்ந்து நடந்தேன்.

நாலாம் நாள் பொன்னுத்தாய் அம்மா சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். நான் மெதுவாகக் கேட்டேன்.

“ராஜா மகன் ஒரு பொண்ணைக் காதலிச்சானாமே... அந்த வயல்தானா?”

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது.

“காதலா? யாரும்மா சொன்னது? நடவு நட்டுக்கிட்டு இருந்தவளை வர்றியான்னு கேட்டான். அவ மாட்டேன்னா. கழுத்துல கால வச்சு சேத்துல அமுக்கினான். முடியைப் புடிச்சுத் தூக்கித் தூக்கிக் கேட்டான். அவ சாகற வரைக்கும் மாட்டேன்னுதான் சொன்னா.”

நாலாயிரம் ஹார்ட்.

“அதுக்கப்புறம் அங்க குனிஞ்சவங்க ஏழு பேரு. ஆறு பேரு அங்கேயே போயிட்டாங்க. எங்க சின்னம்மா அம்சம் மட்டும் மூணு நாள் உசுரோட இருந்துச்சு. அது சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். எல்லார்கிட்டயும் அதேதான் கேக்குறான். வர்றியா, வர்றியான்னு. எங்காளுங்க யாரும் வர்றேன்னு சொன்னதில்ல.”

“நான் மண்வெட்டியால அடிச்சேன்மா. அதான் விட்டுட்டான்.”

“அடிக்கு அவன் விடமாட்டான்மா. எங்க சின்னம்மாவைக் காப்பாத்த பன்னெண்டு பேரு அடிச்சாங்க.”

அப்போதுதான் கட்டிலிலிருந்து குரல் வந்தது. நாலு நாளில் வானதி பேசிய முதல் பேச்சு. குரல் கரகரவென்று இருந்தது.

“நான் வர்றேன்னு சொல்லிட்டேன்க்கா.”

பொன்னுத்தாய் அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

“மூச்சு முட்டிடுச்சுக்கா. வேற வழி தெரியல. வர்றேன், ஆனா இப்பத்தான் ஆடி பொறந்திருக்கு, ஆடியில கல்யாணம் பண்ண மாட்டாங்க, ஆவணி முதல் முகூர்த்தத்துல வர்றேன்னு சொன்னேன். சரின்னு விட்டுட்டான்.”

என்ன ஆகும் என்று பொன்னுத்தாய் அம்மாவிடம் கேட்டேன். இதுவரை யாரும் சொன்னதில்லையேம்மா என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை.

தொடரை அழித்துவிட்டேன். வாசகர்கள் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

இன்று ஆடி இருபத்தெட்டு. ஆவணியின் முதல் முகூர்த்தம் நாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை முதல் ஒன்பது வரை என்று காலண்டரில் போட்டிருக்கிறது. இன்னும் ஏழு நாள் இருக்கிறது.