நீலமான ஒரு துளி

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம், சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்போது நான் விலங்கியல் முடித்துவிட்டு, நண்டுகளின் ரத்தத்தைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தேன். நாங்கள் சைவம், வருகிறவர்கள் எங்களைவிடச் சுத்த சைவம். அதனால் அப்பா என் வேலையை, "லேப்ல உத்தியோகம்" என்று சுருக்கிச் சொல்லியிருந்தார்.

பெரியப்பா காலையிலேயே எச்சரித்தார். "ஏட்டி, நண்டுன்னு மட்டும் வாயத் தொறந்துராத. கேசரியத் தின்னுட்டு எந்திச்சுப் போயிருவாவ."

எனக்கு மனம் ஒப்பவில்லை. கேட்டால் சொல்ல மூன்று விஷயங்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்: வேலை இதுதான், கல்யாணத்துக்குப் பின்னும் செய்வேன், சமையலறைக்குள் ஒரு நண்டும் வராது. யாரும் கேட்கவில்லை.

காபி கொடுத்துக்கொண்டிருந்தபோது மழை வலுத்தது. வாய்க்கால் நிரம்பி, ஒரு வயல் நண்டு வாசல்படி ஏறி வந்துவிட்டது. பெரியப்பா பதறிக் கதவைச் சாத்த, அதன் கால் ஒன்று இடுக்கில் மாட்டி முறிந்தது.

"அய்யோ, பாவம்" என்று எழுந்தவர் மாப்பிள்ளையின் அம்மாதான். "ரத்தமே வரலியே, தண்ணியால்லா வருது?"

நான் யோசிக்கவே இல்லை. பின்பக்கமாக ஓட்டோடு சேர்த்துப் பிடித்து நண்டைத் தூக்கினேன். "இதுதான் அதோட ரத்தம், அத்தை. காத்துப் பட்டா நீலமாகும்."

ஒரு துளியை வெள்ளைப் பீங்கான் சாசரில் விழவைத்தேன். சற்று நேரத்தில் லேசான நீலம் படர்ந்தது.

"ஆமா, நீலம்! ஏன் அப்படி?"

"நம்ம ரத்தத்துல இரும்பு, இதுல செம்பு. காத்து கொறஞ்ச, குளுந்த தண்ணிக்குச் செம்பு நல்லாவே வேலை செய்யும். கரப்பானுக்கு அதுவும் வேண்டாம். உடம்பெல்லாம் காத்துக்குழாய், ரத்தம் காத்தைச் சுமக்காண்டாம். அததுக்கு அது வாழுற எடத்துக்குத் தக்கன அமைஞ்சிருக்கு."

"இவ்வளவும் ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

"இதுதான் என் வேலை."

அப்பா தரையைப் பார்த்தார். மாப்பிள்ளை கேசரித் தட்டைப் பார்த்தார். பெரியப்பா, அவர்களைக் கூட்டி வந்த தரகரிடம், "முடிஞ்சுது வே" என்றார்.

அந்த அம்மா குடையை எடுத்தார். "வா, அத வாய்க்கால்ல விட்டுட்டு வருவோம்."

மழையில் வரப்போரம் நடந்தோம்.

"வேலைக்குன்னு இதுகளக் கொல்லுவியா?"

"இல்ல அத்தை. நாலு சொட்டு எடுத்துட்டு விட்டுருவேன்."

"கால் போயிட்டே, பொழைக்குமா?"

ஓடு மாற்றும்போது மறுபடி முளைக்கும் என்றேன்.

"கல்யாணத்துக்குப் பொறவு இந்த வேலைய விட்டுருவியோ?"

அவர் முகத்தைப் பார்க்காமல், "விட மாட்டேன் அத்தை" என்றேன்.

நண்டைத் தண்ணீரில் இறக்கிவிட்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். குடை முழுவதும் என் பக்கம் சாய்ந்திருந்தது; அவருடைய வலது தோள் தெப்பமாக நனைந்திருந்தது.

"அது ரத்தம் அதுக்கு. மாத்திக்கிடச் சொல்ல நாம யாரு?" என்றவர், இரண்டடி நடந்து திரும்பினார். "ஆனா ஒண்ணு. குளிச்சிட்டுத்தான் அடுக்களைக்குள்ள வரணும், கேட்டியா?"

இன்றும் ஆய்வகத்திலிருந்து வந்தால் நேராகக் குளிக்கத்தான் போகிறேன். அத்தை வெந்நீர் போட்டு வைத்திருப்பார். புது வீட்டுக்குப் போகிற பெண் தன்னை மாற்றிக்கொண்டுதான் தீர வேண்டும் என்று யாராவது சொன்னால், நனைந்த அந்த வலது தோள்தான் என் கண்முன் வந்து நிற்கிறது.