மூன்று தட்டும் இரண்டு தரகர்களும்

போன ஞாயிற்றுக்கிழமை கந்தப்பளையில் ஒரு வீடு பார்க்கப் போனோம். உள்ளே நுழைந்ததும் என் மனைவி அழகம்மா சுவரை மூன்று முறை தட்டினாள். அதற்கு முந்திய ஞாயிறும் வேறொரு வீட்டில் இப்படித்தான் தட்டினாள்.

ஏன் தட்டினாள்? சொல்கிறேன்.

அவளுக்கு மூச்சிழுப்பு. இத்தனை வருஷம் மழையிலும் பனியிலும் தேயிலைக் கொழுந்து பறித்ததில் வந்தது. இனி மலைக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து அவள் பேரை வெட்டியாயிற்று. பேர் இல்லாதவளுக்குத் தொழிலாளர் லயத்தில் குடியிருக்கக் காம்பிரா அறை ஏது? நான் தோட்டத்து ஆளும் இல்லை, டவுனில் தையற்கடை வைத்திருக்கிறேன். இந்த மாதக் கடைசிக்குள் காம்பிராவை ஒப்படைக்க வேண்டும்.

நான் காலையில் முதல் பஸ்ஸில் கடைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவேன். நடுப்பகலில் இழுப்பு வந்தால் அவளால் யாரையும் கூப்பிட முடியாது. மூச்சு இருந்தால்தானே குரல் வரும்? லயத்தில் அதற்கு ஒரு வழி இருந்தது. சுவரில் மூன்று தட்டு. அடுத்த காம்பிராவில் மகனோடு இருக்கும் மீனாட்சி அக்கா பதிலுக்கு ஒரு தட்டுத் தட்டுவார். 'வருகிறேன்' என்று அர்த்தம். பின்னாலேயே சுடுதண்ணீரோடு வந்துவிடுவார்.

சரி, வீடு தேட வேண்டுமே. வீட்டுக்காரர் முன்னால் நின்று நாலு கேள்வி கேட்கிற ஆளா நான்? அளவெடுக்கும்போதுகூட நாடாவைப் பார்த்துத்தான் பேசுவேன். அதனால்தான் தரகர்.

கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே ஆளைத்தான் சொன்னார்கள் — கோட்டுத் தரகர். அந்தக் கோட்டைத் தைத்தவனே நான்தான். தைத்தவனுக்கே அதைப் பார்த்ததும் மரியாதை வந்துவிட்டது என்றால் பாருங்கள்.

மேட்டில் ஒரு வீட்டைக் காட்டினார். "பாத்தீங்களாண்ணே? தனி வீடு. நாலு பக்கமும் காத்து. ஒரு பய சத்தம் காதுல விழாது."

அழகம்மா சுவரைத் தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள்.

"நல்லாத் தட்டிப் பாருங்க தங்கச்சி. அம்புட்டும் கருங்கல்லு. ஒங்க பேரன் காலத்துலயும் நிக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வீட்டுக்குள் இருக்கும் நோவை ஒரு கோட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது?

பஸ்ஸில் வரும்போது கேட்டேன். "வேணாமா?"

"நல்ல வீடுதாங்க," என்றாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

அடுத்த தரகரை மரக்கறி லொறிக்காரர் சொல்லி அனுப்பினார். கிரிபண்டா மாத்தயா; சிங்களத்தில் மாத்தயா என்றால் ஐயா. காலில் செருப்பில்லை, கையில் ஒரு பழைய குடை. அவருடைய தமிழும் என்னுடைய சிங்களமும் சரிசமம். அதனால் இரண்டு பேரும் பேசாமலே நடந்தோம். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரே கூரையின் கீழ் ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகள். ஒன்று விலைக்கு. உள்ளே போனதும்... அதே மூன்று தட்டு.

இவரும் சுவரின் பெருமையைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, ஏன் தட்டுறது?"

அவ்வளவுதான் கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் வாய் வந்ததோ. "இவளுக்கு இழுப்புங்க மாத்தயா. பகல்ல நான் இருக்க மாட்டேன். தட்டுனா யாருக்காவது கேக்கணும்."

"ம்..." என்றவர், குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வெளியே போனார். சொல்லியிருக்கக் கூடாதோ? நோயாளிக்கு வீடு காட்ட மாட்டாரோ? பக்கத்து வீட்டில் பேச்சுக் குரல் கேட்டது. திரும்பி வந்தார்.

"இப்ப தட்டுங்க."

அழகம்மா தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. சத்தமில்லை. அவள் கை சுவரிலேயே இருந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டு வந்தது.

"மெதுவாத் தட்டுனாலும் கேக்கும் தங்கச்சி. பகல் பூரா நான் இங்கதான் கெடக்கேன்." பக்கத்து வீட்டு ரொட்டிக்கடைக்காரர் மனைவியின் குரல்.

வீட்டின் லட்சணத்தைச் சொல்லத் தரகர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். குடிபோகிறவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்க எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அழகம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இந்த வீடே போதுங்க."

"பொறுங்க, பொறுங்க," என்று கிரிபண்டா மாத்தயா பதறிப்போனார். "சமைக்கிற குசினி பாக்க இல்லையே. அங்க மழைக்கு ஒழுகுறது. பாத்துட்டுத்தான் சொல்லணும்."

"ஒழுகட்டும் மாத்தயா. சட்டி வச்சுக்கிறேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "இங்கயும் அதே எடத்துலதான் ஒழுகுது தங்கச்சி."

கோட்டுத் தரகர் காட்டிய வீடு ஒழுகாது. ஒழுகினாலும் சொல்லிச் சிரிக்கப் பக்கத்தில் ஆள் கிடையாது.