கோணிப்போன போர்க்கப்பல்

வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்ட பிறகு, லேத்காரர் வேறு வேலை தேடி அலுத்துப்போனார். படுக்கையறை மூலையில் உட்கார்ந்து, பழைய காலத்துப் பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றின் மாதிரியை மரத்தில் கட்ட ஆரம்பித்தார். மெல்லிய பட்டைகளை வெந்நீரில் ஊறவைத்து, வளைத்து, ஒவ்வொன்றாக ஒட்டினார். அதிலேயே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

மூன்று பாய்மரங்களையும் நட்ட அன்றுதான் விஷயம் தெரிந்தது. அவை ஒரே கோட்டில் நிற்கவில்லை. சுவர் ஈரத்தில் கப்பலின் அடிக்கட்டை எப்போதோ முறுக்கிப்போயிருக்கிறது. எல்லாம் அதன்மேல் ஒட்டியாயிற்று. இனி நிமிர்த்த வழியில்லை.

"எனக்கொண்ணும் கோணலாத் தெரியலையே" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியுதே. காலம்பூரா லேத்துல இரும்பைக் கடைஞ்சு நேர் பாத்த கண்ணு."

சாப்பிட வந்திருந்த மச்சினன் சிரித்தான். "சண்டைக்கா போகப்போகுது, மச்சான்? அலமாரி மேலதானே நிக்கப்போகுது? விட்டுத்தள்ளுங்க."

அவரும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. உடைத்துப் போட்டுவிடலாம் என்று சுத்தியலைக்கூட எடுத்தார். உடைத்துவிட்டால் நாளைக்கு எழுந்து என்ன செய்வது என்று தோன்றியதும் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் காலை, பாய்மரங்களுக்குக் கயிறாக நூல் கட்ட உட்கார்ந்தார். ஒவ்வொரு நூலையும் இழுத்து முடிச்சுப் போடப் போட, நடுப் பாய்மரம் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அடுத்த நூலைக் கோத்தார்.